பிணையாக விடப்படும் பிள்ளைகள்

வளைகுடா நாட்டு ஒட்டகப் பந்தயத்தில் ஓட்டுபவரின் எடை குறையக் குறைய ஒட்டகத்தின் வேகம் கூடும். நான்கைந்து வயதுப் பிள்ளைகளைக் கடல் கடத்திப் பாலைவனத்தில் கொண்டுசேர்த்தது இந்த ஒரு கணக்குத்தான். பாகிஸ்தானின் ரஹீம் யார் கான் மாவட்டம், வங்காளதேசத்துக் கிராமங்கள், சூடான், மொரித்தானியா என்று பல இடங்களிலிருந்து ஏஜெண்டுகள் பிள்ளைகளைத் திரட்டினார்கள். சில பிள்ளைகளைத் திருடிக்கொண்டு போனார்கள். சிலரைப் பெற்றோரே காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். பாஸ்போர்ட்டில் யாரோ ஒருவர் அப்பா என்று எழுதப்பட்டிருக்கும். எடை ஏறக் கூடாது என்பதற்காக அரைவயிற்றுச் சோறு, ஒட்டகத் தொழுவத்துப் பக்கத்து மணலில் படுக்கை. பந்தயத்தில் தவறி விழுந்தால் பின்னால் வரும் ஒட்டகங்களின் காலில் மிதிபட வேண்டியதுதான்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 1993இலேயே தடை என்று சொல்லப்பட்டது, யாரும் மதிக்கவில்லை. 15 வயதுக்கும் 45 கிலோவுக்கும் குறைந்தவரை ஏற்றக் கூடாது என்று 2002இல் விதி வந்தது. அதுவும் ஏட்டோடு நின்றது. 2004இல் பாகிஸ்தான் மனித உரிமை வழக்கறிஞர் அன்சார் பர்னியின் துணையோடு அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சி ரகசியக் கேமராவில் எடுத்த படம் வெளியானது. 2005 மே மாதம் அமீரகம் யுனிசெஃப் அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. 18 வயதுக்குக் குறைந்தவரை ஒட்டகத்தில் ஏற்றினால் சிறை என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். கத்தாரில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்துகொடுத்த ரோபோ ஒட்டகத்தின் முதுகில் ஏறியது. இன்று பந்தயப் பாதையை ஒட்டிக் காரில் போய்க்கொண்டே ஒட்டகத்தின் உரிமையாளர் ரிமோட்டால் சாட்டையைச் சுழற்றுகிறார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எந்தத் தடைக்கும் அசையாதிருந்த ஒரு கொடுமை, அரசு மனம்வைத்ததும் மிகக் குறுகிய காலத்தில் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. அப்படியும் தமிழகத்தின் வடமாவட்டங்களில் பழங்குடிப் பிள்ளைகள் கடனுக்குப் பிணையாக வாத்துக் கூட்டத்தின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை வைத்து யோசிக்கலாம்.

வாத்து மேய்ப்பதை வேலை என்று சாலையில் போகிறவர்கள் நினைக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த வயலில் சில நூறு வாத்துகள், சில நேரம் ஆயிரத்துக்கும் மேல், கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே திசையில் நகரும். சிந்திய நெல், நத்தை, புழு பூச்சி எல்லாம் அவற்றுக்கு இரை. தீவனச் செலவு கிடையாது என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஒரு வயலில் இரை தீர்ந்ததும் அடுத்த வயலுக்கு, ஒரு பக்கம் அறுவடை முடிந்ததும் அடுத்த தாலுகாவுக்கு என்று கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். ஏரியும் வாய்க்காலும் நெல்லும் உள்ள இடமெல்லாம் அதன் வழி. தென்பெண்ணை, சங்கராபரணி ஆற்றுப் பாசனப் பகுதிகளும் வீடூர் அணையின் ஆயக்கட்டும் மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஓரமும் அதற்குத் தோதான நிலம். ஆரணி, சன்னியாசி, கீரி என்று நாட்டு வாத்துகளுக்கு இந்தப் பக்கம் பெயர்கள் உண்டு. முட்டையில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது.

கூட்டத்தை ஓட்டிப் போகிறவன் சேற்றிலும் வரப்பிலும் நாளெல்லாம் நடக்க வேண்டும். வாத்து பச்சை வயலில் இறங்கிவிட்டால் நிலத்துக்காரரின் வசவு, பூச்சிமருந்து அடித்த வயலில் இறங்கிவிட்டால் முதலாளியின் அடி. பொழுது சாய்ந்ததும் நைலான் வலையை வட்டமாகக் கட்டி வாத்துகளை அடைக்க வேண்டும். நாயும் நரியும் கீரியும் வராமல் இரவெல்லாம் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்க வேண்டும். வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். ஆகவே இருட்டோடு எழுந்து, வலைக்குள் குனிந்து, மிதிபடுவதற்குள் முட்டைகளைப் பொறுக்கியாக வேண்டும். பெரியவர் ஒருவரை இதற்கு வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். அவர் இரவில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய்விடுவார். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைக்கு ஊர் திரும்ப வழி தெரியாது. கேட்டால் முதலாளிகள் பொதுவாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “சோறு போட்டுத் துணி எடுத்துக் கொடுத்து எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்.” தன் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.

கடனுக்கு ஆளைக் கட்டிவைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராயச் செய்தார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் உண்டு. அங்கே படியாட்கள் எப்படி உருவானார்கள் என்பதை அவர் எழுதியிருக்கிறார். கல்யாணச் செலவுக்கென்று நிலக்கிழாரிடம் ஒரு தொகை வாங்குவார்கள்; அந்தக் கடன் தீருவதே இல்லை; அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். இருவேல்பட்டு அதற்குப் பின் பலமுறை மறு ஆய்வு செய்யப்பட்டது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அங்கே போனபோது படியாள் முறை மறைந்துபோயிருந்தது. வெளியூர் வேலை, அரசின் நலத்திட்டங்கள், தலித் மக்களின் அரசியல் எழுச்சி எல்லாம் சேர்ந்து நிலக்கிழாரின் பிடியைத் தளர்த்திவிட்டன.

மேற்கே கொங்குப் பகுதியில் அருந்ததியர் பிள்ளைகள் ஆண்டுக் கூலிக்குப் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட காலத்தைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் பதிவுசெய்திருக்கிறது. அங்கும் அது பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. படிக்கவும் வெளியே போகவும் அமைப்பாகத் திரளவும் வழி கிடைத்த மக்கள் முன்பணத்தின் பிடியிலிருந்து வெளியேறினார்கள் என்பதே இதன் பொருள். வழி கிடைக்காதவர்களைத் தேடி அந்த முன்பணம் இறங்கி வந்தது. இந்த வட்டாரத்தில் அப்படி அகப்பட்டவர்களில் முதலில் நிற்பவர்கள் இருளர்கள்.

அரசின் பட்டியலில் தமிழகத்தின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் ஆறு. இருளர் அவற்றுள் ஒன்று. வயலில் எலி பிடிப்பது, எலி வளையைத் தோண்டி அதில் சேர்ந்த நெல்லை எடுப்பது, பாம்பு பிடிப்பது, தோப்புக் காவல், ஏரியில் மீன் என்று பிழைத்தவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் பாம்புத்தோல் வணிகம் நின்றது. 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சிலருக்குக் கைகொடுத்தது. விழுப்புரம் பக்கத்து இருளருக்கு மிஞ்சியது கூலி வேலைதான். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, கரி மூட்டம் எல்லாமே முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகும் வேலைகள். வீடு ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ இருக்கும், பட்டா இருக்காது. கோட்டாட்சியர் தர வேண்டிய பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். வங்கி இவர்களுக்குக் கடன் தராது. சாவு, பிரசவம், காய்ச்சல் எது வந்தாலும் கையை நீட்ட ஒரே ஆள்தான் இருப்பார், அவரே முதலாளி.

திண்டிவனத்தில் அரசுக் கல்லூரி இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணியும் அவர் ஒருங்கிணைக்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இந்தக் குடும்பங்களுக்காகப் பல ஆண்டுகளாக மனு எழுதியும் வழக்கு நடத்தியும் வருகிறார்கள். சாதிச் சான்றிதழ் என்ற சலிப்பூட்டும் விஷயத்துக்கு அவர்கள் அவ்வளவு உழைத்திருப்பதன் காரணம் வெளியாருக்குச் சட்டென்று விளங்காது. அந்தத் தாள் இருந்தால் பிள்ளை விடுதியில் சேரும், உதவித்தொகை வரும். இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் இருக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைதான் முன்பணத்துக்கு ஈடாகப் போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை வெளிவந்த இரண்டு வழக்குகள் காட்டின. 2020இன் கடைசி மாதங்களில் புதுச்சேரியில் வாத்து மேய்ப்பில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த சிறுமிகளைக் குழந்தைகள் நலக் குழு மீட்டது. அவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டிருந்தது அதன் பிறகே தெரியவந்தது. போக்சோ சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. ஆளில்லாத வயல்வெளி, இரவு, கேட்க ஆளில்லாத பெண்பிள்ளை. இந்த ஏற்பாட்டில் வன்கொடுமை விபத்தாக நடப்பதல்ல, ஏற்பாடே அதற்கு இடம்கொடுக்கிறது.

மற்றொன்று 2025இல் நடந்தது. ஆந்திரத்தின் சத்தியவேடு பக்கம், ஏனாதிப் பழங்குடிக் குடும்பம். 25,000 ரூபாய் கடனுக்காக அவர்கள் வாத்து முதலாளி ஒருவரிடம் வேலை செய்தார்கள். கணவர் இறந்த பிறகு மனைவி பிள்ளைகளோடு கிளம்ப முயன்றபோது, வட்டியோடு 45,000 தர வேண்டும், பணம் கொண்டுவரும்வரை ஒரு பிள்ளை இங்கே இருக்கட்டும் என்றார்கள். ஒன்பது வயது மகனை விட்டுவிட்டு அவர் போனார். அவ்வப்போது ஃபோனில் பேசுவான், கூட்டிப்போகச் சொல்லுவான். பணத்தைத் தேடிக்கொண்டு அவர் திரும்பியபோது பையன் ஓடிப்போய்விட்டான் என்று சொல்லப்பட்டது. போலீசில் புகார் கொடுத்த பிறகு, காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையோரம் புதைக்கப்பட்டிருந்த அவன் உடலைத் தோண்டி எடுத்தார்கள். மஞ்சள் காமாலையில் இறந்தான் என்றது முதலாளி தரப்பு. தாய்க்குச் சொல்லாமல், ஊருக்குத் தெரியாமல் புதைத்ததற்கு அந்த நோய் எப்படிக் காரணமாக முடியும்?

சட்டத்தின் கண்ணில் அந்த 45,000 ரூபாய் கடனே கிடையாது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அழிந்துபோனது. அழிந்த கடனுக்காகப் பணம் வாங்கினால், வாங்கியவருக்கு மூன்றாண்டுவரை சிறை. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் போதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பிள்ளைகளைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் பழையது. அரசத் தொழிலாளர் ஆணையம் 1931இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1933இல் பிள்ளைகளின் உழைப்பை அடகுவைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடகுவைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய்வரை அபராதம், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய்வரை. பிள்ளையை ஈடாக வாங்குவது குற்றம் என்பது, ஆக, இந்த நாட்டுக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். பட்டியல் பழங்குடியினரைக் கொத்தடிமையாக வைப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

அப்படியானால் சட்டத்தின் பிடி எங்கே தளர்கிறது? வளைகுடாவோடு ஒப்பிடும்போது இரண்டு வேறுபாடுகள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் வேறுபாடு இடம் சார்ந்தது. ஒட்டகப் பந்தயம் நடக்கும் திடல் அசையாதது. அதற்கு முகவரி உண்டு, தேதி உண்டு, பார்வையாளர் உண்டு. பந்தயம் தொடங்கும் இடத்தில் ஒரு அதிகாரியை நிறுத்தி, முதுகில் இருப்பது குழந்தையா என்று பார்த்துவிடலாம். வாத்துக் கூட்டத்துக்கு முகவரி இல்லை. இன்று வானூர் தாலுகாவில் இருக்கும் கூட்டம் மறுநாள் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுப் பக்கம் இருக்கும். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் போலீசு வேறு, வருவாய்த் துறை வேறு, குழந்தைகள் நலக் குழு வேறு. பிள்ளையின் ஊர் ஒரு மாவட்டத்தில், முதலாளியின் ஊர் இன்னொன்றில், பிள்ளை அகப்பட்ட வயல் மூன்றாவது ஒன்றில். விடுதலைச் சான்றிதழ் தர வேண்டியவர் மீட்கப்பட்ட இடத்து அதிகாரி. மறுவாழ்வு தர வேண்டியது சொந்த மாவட்டம். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே கோப்பு படுத்துவிடும்.

இதே எல்லையை வேறு வகையில் தாண்டிய ஒரு நிகழ்ச்சி இந்த வட்டாரத்துக்கு நினைவிருக்கும். 1993இல் புதுச்சேரிப் போலீசார் ஒரு திருட்டு வழக்கில் ஆள் தேடிக்கொண்டு விழுப்புரம் மாவட்டத்து அத்தியூருக்குள் வந்தார்கள். அப்போது ஓர் இருளர் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமைதான் கல்விமணி போன்றவர்களை இந்த மக்களோடு பிணைத்தது. இருளரைப் பிடிக்க வருவதற்குக் குறுக்கே நிற்காத எல்லை, காணாமல்போன இருளர் பிள்ளையைத் தேடும்போது மட்டும் சுவராக எழும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது வேறுபாடு ஆழமானது. ஒட்டகத்தின் மேல் ஏறிய பிள்ளை ஒரு கருவியாகப் பயன்பட்டது. அதைவிட எடை குறைந்த, சோறு கேட்காத கருவி கிடைத்ததும் பிள்ளையின் தேவை தீர்ந்தது. உரிமையாளர்களுக்கு நட்டமில்லை என்பதால் சட்டத்துக்கு எதிர்ப்பும் குறைந்தது. வாத்து மேய்க்கும் பிள்ளை வேலையும் செய்கிறது, கூடவே பிணையாகவும் இருக்கிறது. பெற்றோர் ஓடிப்போகாமல் இருக்கவும், பணம் திரும்பி வரவும், அடுத்த பருவத்துக்கும் அவர்கள் வேலைக்கு வரவும் பிள்ளையே உத்தரவாதம். வாத்து மேய்க்க எந்த எந்திரத்தைக் கண்டுபிடித்தாலும் இந்தப் பிணையை அதனால் ஈடுகட்ட முடியாது. அதனால்தான், ‘குழந்தைத் தொழிலாளர் மீட்பு’ என்று பதிவுசெய்து, பிள்ளையைக் கொஞ்ச நாள் இல்லத்தில் வைத்துப் பெற்றோரிடம் ஒப்படைத்து, முதலாளியிடம் அபராதம் வாங்கிக் கோப்பை மூடும் வழக்கம் பயனற்றுப் போகிறது. கடன் அப்படியே இருக்கும். பிள்ளைக்குப் பதிலாக அதன் தம்பி போவான். கொத்தடிமைச் சட்டத்தின் கீழ் பதிவானால் கடன் அங்கேயே செத்துவிடும். எந்தச் சட்டத்தின் பெயரை முதல் தகவல் அறிக்கையில் எழுதுகிறார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கிறது.

மறுவாழ்வுத் திட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி கொத்தடிமையாக இருந்த ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடனே கையில் வருவது முதலில் 20,000 ஆக இருந்து 2022இல் 30,000 வரை என்று உயர்த்தப்பட்ட தொகைதான். முழுத் தொகை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் முடிவு சொல்ல ஆண்டுகள் ஆகும். அதுவரை குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? முதலாளி ஊரிலேயே இருக்கிறார். சாட்சி சொல்ல வேண்டிய அப்பாவிடம் புதிதாக முன்பணம் கொடுக்கவும் அவரால் முடியும்.

அரசால் நடமாடும் வாத்துக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்க முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். கேரளத்தில் 2014இலும் 2021இலும் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஆலப்புழைப் பக்கத்தில் பாதித்த பகுதிகளிலிருந்த வாத்துகளையெல்லாம் கணக்கெடுத்து அழித்தார்கள். வளர்ந்த வாத்து ஒன்றுக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100 ரூபாய் என்று இழப்பீடும் தந்தார்கள். தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். நோய் என்றதும் எந்தக் கூட்டம் எந்த வயலில் இருக்கிறது, யாருடையது, எத்தனை உருப்படி என்பதெல்லாம் அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே படிவத்தில் ஒரு வரி கூடினால் போதும்: மேய்ப்பவர் யார், வயது என்ன, எந்த ஊர், யார் பிள்ளை.

வாத்துக் கூட்டம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தாலுகாவில் பதிவுசெய்ய வேண்டும், மேய்ப்பவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது. விழுப்புரம், திண்டிவனம் என்ற இரண்டு கோட்டங்களிலும் கொத்தடிமை கண்காணிப்புக் குழு இருந்தாக வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் குழு கூடும்போது புதுச்சேரி அதிகாரி ஒருவரையும் இருளர் சங்கத்தினர் ஒருவரையும் கால்நடை மருத்துவரையும் உட்காரவைக்கலாம். ஊர் ஊராகத் தடுப்பூசி போடப் போகும் கால்நடை மருத்துவரைவிட வாத்துக் கூட்டங்களை நன்றாக அறிந்த அரசு ஊழியர் யாரும் இல்லை. பள்ளிக்கு வராமல் நின்றுபோன இருளர் பிள்ளைகளின் பட்டியல் தலைமை ஆசிரியர்களிடம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளை எங்கே போனது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கிடக்கும் மனுக்களையும் அதே மேசையில் எடுக்கலாம்.

இந்த வட்டாரத்தில் சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கும். அறுத்த வயலைத் தேடி வாத்துக் கூட்டங்கள் அதன் பின்னாலேயே வரும். முன்பணம் அதற்கும் முன்பே, மழைக்காலத்தில் வேலையில்லாமல் குடும்பங்கள் வீட்டில் முடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கைமாறிவிடும். அறுவடையின்போது சோதனைக்குப் போவது தாமதம். ஐப்பசியில் குழு கூட வேண்டும். ரேஷன் அரிசியும் வேலையும் அவசரக் கடனும் அந்த இரண்டு மாதங்களில் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.